சாப்பாட்டுக்குப் பிறகு

சண்முகவடிவு வாயைத் திறந்தால் மூடமாட்டாள் என்பது, தி.நகர் உஸ்மான் சாலையிலிருந்து உள்ளே ஒதுங்கும் அந்தச் சந்தின் கடைக்காரர்கள் எல்லோருக்கும் தெரியும். தெரியாதவர்கள் புதிதாகக் கடை போட்டவர்களாக இருப்பார்கள். அவர்களுக்கும் மதியத்துக்குள் தெரிந்துவிடும். புடவைக்குப் பொருத்தமான ரவிக்கைத் துணியும் லைனிங்கும் ஃபால்ஸும் விற்கிற 'வடிவு மேட்சிங் சென்டர்' அவளுடையது. கல்லாவில் உட்கார்ந்திருக்கும் நல்லசிவம் அவள் வீட்டுக்காரர். திருச்செந்தூர்ப் பக்கத்திலிருந்து கல்யாணமான கையோடு சென்னைக்கு வந்தவர்கள். வந்த நாளிலிருந்து அவள் பேசிக்கொண்டிருக்கிறாள், அவர் 'கொஞ்சம் சும்மா இரேன் வடிவு' என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். இரண்டு பேருக்கும் அதில் ஒரு குறையும் இருந்ததில்லை.

கடையில் அவளுக்கு ஒரு சட்டம் உண்டு. ட்யூப் லைட்டுக்குக் கீழே எந்தக் கலரையும் முடிவு செய்யக் கூடாது. துணியையும் புடவையையும் அள்ளிக்கொண்டு, வந்தவரின் கையைப் பிடித்துச் சந்துக்கு இழுத்துப் போய்விடுவாள். நிறுத்திவைத்த ஸ்கூட்டர்களுக்கு நடுவில், போகிற வருகிறவர்கள் இடித்துக்கொண்டு போக, வெயிலில் இரண்டையும் சேர்த்துப் பிடித்துக் காட்டுவாள். புடவையை வீட்டு வெளிச்சத்தில் பார்த்து மனசில் வைத்துக்கொண்டு, துணியை மட்டும் கடை வெளிச்சத்தில் பார்த்து வாங்கிப் போகிறவர்களைக் கண்டால் அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். அப்படி வாங்கிப் போய், மறுநாள் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு மாற்ற வருகிறவர்கள் வாங்கிக் கட்டிக்கொண்டுதான் போவார்கள்.

அப்படிப்பட்ட வாய் ஒரு மாசி மாதம் திடீரென்று நின்றது. மயிலாப்பூர் ஜானு மாமி பேத்தி கல்யாணத்துக்கு எடுத்த பட்டுப் புடவையோடு வந்திருந்தார். புடவையைப் பார்த்ததுமே சண்முகவடிவின் கை தானாக அலமாரிக்குப் போய்ச் சரியான துணியை இழுத்துவிட்டது. அதன் பெயர்தான் வரவில்லை. ராமர் பச்சை. ஒரு நாளைக்குப் பத்துப் பேரிடம் சொல்கிற பெயர். நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டுத் திரும்பிப் போனது.

"என்னடி வடிவு, பேசாம நின்னுண்டிருக்கே? ஆத்துல எல்லாரும் சௌக்கியம்தானே?" என்றார் மாமி.

பதில் சொல்ல வாயைத் திறந்தபோது அவள் வலது கை வெட்டி வெட்டி இழுத்தது. கத்தரிக்கோல் கீழே விழுந்தது. நல்லசிவம் கல்லாவைத் திறந்தபடியே போட்டுவிட்டு ஓடிவந்தார். அவர் வாழ்க்கையில் கல்லாவைப் பூட்டாமல் எழுந்தது அதுதான் முதல் தடவை.

மூளையில் கட்டி. இடது பக்கம், பேச்சு உட்கார்ந்திருக்கிற இடத்தை ஒட்டி. ஆபரேஷன் செய்த டாக்டர் எடுக்க முடிந்ததை எடுத்தார். பேச்சைத் தொட்டுக்கொண்டிருந்த மிச்சத்தை, கைவைத்தால் ஆபத்து என்று விட்டுவிட்டார். அந்த மிச்சத்துக்குத்தான் ஆறு வாரம் கதிர்வீச்சு, அதற்கப்புறம் மாதாமாதம் மாத்திரை. பேச்சு மெல்ல மெல்லத் திரும்பியது. ராமர் பச்சை திரும்பி வந்த அன்று அவள் அந்த ஒரு பெயரையே நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள். நல்லசிவம் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கடைசியில் 'சும்மா இரேன்' என்றார். சொல்லிவிட்டு இரண்டு பேரும் சிரித்தார்கள்.

மருந்து கொடுக்கிற டாக்டர் ஸ்வர்ணலதாவை அவளுக்குப் பிடித்துவிட்டது. அவர் எம்.ஆர்.ஐ. படத்தைத் திரையில் போட்டு, மருந்து ஊசி போட்ட பிறகு வெள்ளையாகத் துலங்குகிற மிச்சக் கட்டியின் மேல் இரண்டு கோடு போட்டுக் காட்டினார். நீளமான பக்கத்தில் ஒரு கோடு, அதற்குக் குறுக்கே ஒரு கோடு. இரண்டையும் பெருக்கிக் குறித்துக்கொள்வோம், சில வாரம் கழித்து மறுபடி படம் எடுத்து மறுபடி அளப்போம், சுருங்கினால் மருந்து வேலை செய்கிறது, வளர்ந்தால் வேறு வழி பார்க்க வேண்டும் என்றார். சண்முகவடிவுக்கு இதில் விளக்கமே தேவைப்படவில்லை. துணிக்கு நீளமும், பன்னா என்கிற அகலமும் பார்ப்பது மாதிரிதானே? ஒவ்வொரு தடவையும் அடையாறில் அதே ஸ்கேன் சென்டரில், அதே மெஷினில்தான் எடுக்க வேண்டும், எங்கேயோ தள்ளுபடி தருகிறார்கள் என்று போகக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொன்னது அவளுக்கு இன்னும் பிடித்தது. ஆனி மாதப் படத்தை விட ஆவணி மாதப் படத்தில் கட்டி சுருங்கியிருந்தது. அன்றைக்குச் சந்தில் இருந்த எல்லோருக்கும் அவள் செலவில் பால்கோவா.

மாத்திரைகளுக்குப் பொறுப்பு நல்லசிவம். வலிப்புக்கு ஒன்று, காலையும் இரவும். வீக்கம் வற்றுவதற்குச் சின்னதாக வெள்ளை மாத்திரை ஒன்று. இந்த வெள்ளை மாத்திரைதான் பொல்லாதது, வெறும் வயிற்றில் போட்டால் வயிற்றைப் புண்ணாக்கிவிடும், சாப்பாட்டுக்குப் பிறகுதான் போட வேண்டும் என்று மருந்துக் கடையிலும் சொன்னார்கள், டாக்டரும் சொன்னார். மற்றவர்கள் சொன்னால் ஒரு காதில் வாங்கி மறு காதில் விடுகிற நல்லசிவம் இதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். அவள் தட்டில் இட்லி விழுந்த பிறகுதான் தட்டுக்குப் பக்கத்தில் வெள்ளை மாத்திரை வரும். கடைசி வாய் உள்ளே போகிற வரைக்கும் அதைத் தொட விடமாட்டார்.

ஐப்பசி வந்தது. தீபாவளிக் கூட்டம் தி.நகரைப் புரட்டிப் போட்டுவிட்டு ஓய்ந்த மறுநாள் கந்த சஷ்டி தொடங்குகிறது. ஜவுளிக்காரர்களுக்கு முருகன் பார்த்துக் கொடுத்த ஓய்வு அது. கல்யாணமான வருஷத்திலிருந்து சண்முகவடிவு ஒரு சஷ்டி தவறவிட்டதில்லை. ஆறு நாளும் அன்னம் தொடமாட்டாள். சாயங்காலம் ஒரு டம்ளர் பால், இரண்டு பழம், அவ்வளவுதான். ஆவணியில் கட்டியைச் சுருக்கிக் கொடுத்தவனுக்கு இந்த வருஷம் விரதம் இல்லையென்றால் எப்படி? நல்லசிவம் யோசித்தார். பாலும் பழமும் சாப்பிடுகிறாளே, உடம்பு தாங்கும் என்று சம்மதித்தார். வலிப்பு மாத்திரையைத் தண்ணீரோடு நேரம் தவறாமல் கொடுத்தார். வெள்ளை மாத்திரையை எடுத்தார், பார்த்தார், திரும்ப டப்பாவில் வைத்தார். தட்டே போடவில்லையே. இரண்டு பேரில் ஒருவருக்காவது இதில் ஏதோ தப்பு இருக்கிறதென்று தோன்றியிருக்க வேண்டாமா? தோன்றவில்லை. டாக்டர் சொன்னதை மீறாமல் நடந்துகொள்கிறோம் என்றுதான் இரண்டு பேரும் நினைத்தார்கள்.

நான்காம் நாள் தலை வலித்தது. ஐந்தாம் நாள் வார்த்தைகள் கொஞ்சம் தடுக்கின. முருகன் சோதிக்கிறான் என்று அவள் நினைத்துக்கொண்டாள். பசி மயக்கம் என்று அவர் நினைத்துக்கொண்டார். சூரசம்ஹாரம் முடிந்த மறுநாள் விடிகாலையில்தான் ஸ்கேனுக்கு நேரம் கொடுத்திருந்தார்கள். வெறும் வயிற்றில் வர வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். வெறும் வயிற்றுக்கு அவளிடம் என்ன பஞ்சம்? படம் எடுத்துவிட்டு வந்து, திருக்கல்யாணம் பார்த்துவிட்டு, வடை பாயசத்தோடு விரதத்தை முடித்தாள். தட்டுக்குப் பக்கத்தில் வெள்ளை மாத்திரை வந்துவிட்டது. இரண்டு மூன்று நாளில் தலைவலி போன இடம் தெரியவில்லை.

ஆகவே டாக்டர் ஸ்வர்ணலதாவின் முன்னால் போய் உட்கார்ந்தபோது அவள் பழைய சண்முகவடிவாகத்தான் இருந்தாள். டாக்டரின் புடவைக்கு அவர் போட்டிருந்த ரவிக்கை ஒரு சாயல் கம்மி என்பதை எப்படிப் பக்குவமாகச் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தாள். டாக்டர் சிரிக்கவில்லை. திரையில் இரண்டு கோடுகளும் ஆவணியில் இருந்ததை விட நீண்டிருந்தன. கட்டியைச் சுற்றிலும் வீக்கம் படர்ந்திருந்தது.

"உங்களைப் பார்த்தா நல்லா இருக்கீங்கம்மா. ஆனா படம் அப்படிச் சொல்லல," என்றார் டாக்டர். மாத்திரை எல்லாம் அதே அளவுதானே, கூட்டவோ குறைக்கவோ இல்லையே என்று கேட்டார்.

அதே அளவுதான் என்றார் நல்லசிவம். சத்தியமாக அதே அளவுதான். முழு மாத்திரையை அரை மாத்திரை ஆக்குகிற ஆளா அவர்?

டாக்டருக்கு மனசு ஒப்பவில்லை. இன்னும் கொஞ்ச நாள் பொறுத்துப் பார்க்கலாமா என்று ஆபரேஷன் டாக்டரிடம் கேட்டார். அவரோ, இந்த வேகத்தில் வளர்ந்தால் பொறுப்பது ஆபத்து, இரண்டாவது ஆபரேஷன் செய்துவிடுவதுதான் நல்லது என்றார். கார்த்திகையில் தேதி குறித்தார்கள். ஆபரேஷன் டாக்டர் எதையும் மறைக்கவில்லை. இந்தத் தடவை பேச்சைத் தொடாமல் எடுக்க முடியாது, முழுக்கப் போகலாம், பாதி போகலாம், முயற்சி செய்வோம் என்றார்.

வீட்டுக்குப் போகும் ஆட்டோவில் இரண்டு பேரும் பேசவில்லை. எத்தனை ஆயிரம் தடவை இவளைச் சும்மா இருக்கச் சொல்லியிருக்கிறோம் என்ற நினைப்பு நல்லசிவத்தை விட்டுப் போகவில்லை. அதை அவர் சொல்லாமலே அவளுக்குத் தெரிந்தது. சைதாப்பேட்டைப் பாலம் தாண்டும்போது, "என்னங்க, ஏதாவது பேசுங்களேன்," என்றாள். அவர் தலையை மட்டும் ஆட்டினார். செத்துப் போவதைப் பற்றி அவள் அவ்வளவாக நினைக்கவில்லை. பேசாமல் உயிரோடு இருப்பதை நினைத்துத்தான் பயந்தாள்.

மறுநாள் கடை திறந்ததும் அவள் நல்லசிவத்தைக் கல்லாவிலிருந்து எழுப்பி அலமாரிக்கு முன்னால் நிறுத்தினாள். அவள் பேச்சு போய்விட்டால் கடையில் யார் கலர் சொல்வது? மேல் தட்டிலிருந்து ஆரம்பித்தாள். இது மயில் கழுத்து, இது கிளிப் பச்சை, இது ராமர் பச்சை. இது அரக்கு, அது மெரூன், இரண்டும் ஒன்றில்லை. இது வெங்காயத் தோல், இது தாமரை. நல்லசிவம் ஒழுங்காகத் திருப்பிச் சொன்னார். கலைத்துப் போட்டுக் கேட்டால் மயில் கழுத்தை நீலம் என்றார், அரக்கைச் சிவப்பு என்றார். இத்தனை வருஷம் கடையில் உட்கார்ந்திருந்த மனுஷன் இப்படி ஒரு மண்ணும் தெரியாமலா இருப்பார் என்று அவளுக்குக் கோபமும் வந்தது, அழுகையும் வந்தது.

"நீ சொன்னாத்தான் வடிவு எனக்கு அது கலரு," என்றார் அவர். "நீ சொல்லலைன்னா எல்லாம் வெறும் துணிதான்."

அவள் துணியைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள். வந்து, விட்ட தட்டிலிருந்து மறுபடி ஆரம்பித்தாள்.

ஆபரேஷனுக்கு முன்னால் ஒரு ஸ்கேன் பாக்கி இருந்தது. வழக்கமான படத்தோடு, மூளையில் பேச்சு சரியாக எந்த இடத்தில் இருக்கிறது என்று பார்க்கிற படமும் சேர்த்து எடுப்பார்கள். அதே அடையாறு, அதே மெஷின், அதே ஜுவேரியா. ஸ்கேன் எடுக்கிற இந்த ராயப்பேட்டைப் பெண்ணுக்கும் சண்முகவடிவுக்கும் முதல் நாளிலிருந்தே ஒட்டிக்கொண்டுவிட்டது. அவள் நிக்காஹுக்கு வாங்கிய துணிக்குச் சண்முகவடிவுதான் பொருத்தம் பார்த்துக் கொடுத்திருந்தாள். கையில் ஊசி ஏற்றுவதற்கு நரம்பு தேடிக்கொண்டே, உள்ளே படங்கள் தெரியும், மாடு, குடை, சாவி என்று ஒவ்வொன்றாக வரும், அதன் பெயரை மனசுக்குள்ளேயே சொல்ல வேண்டும், வாய் அசையக் கூடாது என்று விளக்கினாள் ஜுவேரியா. வாய் அசையாமல் பேசச் சொல்கிறார்களே, இதை விடப் பெரிய தண்டனை உண்டா என்று கேட்டாள் சண்முகவடிவு.

"சாப்ட்டு நாலு மணி நேரம் ஆச்சில்ல ஆன்ட்டி?"

"ஆச்சும்மா. இது ஒரு கஷ்டமா? போன தடவை ஆறு நாளு சோறு திங்காம வந்து படுத்தேன்லா. சஷ்டி விரதம்."

ஜுவேரியா சிரித்துக்கொண்டே பஞ்சை அழுத்தினாள். நோன்பு மாதத்தில் தன் மாமியாருடைய சர்க்கரை மாத்திரை நேரத்தை டாக்டரிடம் கேட்டு மாற்றுவதற்குள் வீட்டில் ஒரு யுத்தமே நடக்கும் என்றாள். சட்டென்று அவள் கை நின்றது.

"அப்போ ஆறு நாளும் அந்த வீக்க மாத்திரைய எப்போ போட்டீங்க ஆன்ட்டி?"

"அதெப்படிம்மா போடுறது? சாப்பாட்டுக்குப் பொறவுல்லா அந்த மாத்திரை. சாப்பாடே இல்லையே."

ஜுவேரியா பஞ்சை ஒட்டிவிட்டு எழுந்தாள். ஒரு நிமிஷம் படுத்திருங்கள், நான் டாக்டர் மேடத்தைக் கேட்டுவிட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் போனில் பேசுவது தெரிந்தது, கேட்கவில்லை. தான் என்ன தப்பாகச் சொல்லிவிட்டோம் என்று சண்முகவடிவுக்குத் திக்கென்றது. திரும்பி வந்த ஜுவேரியா, ஆடாமல் அசையாமல் படுத்திருங்கள், இன்றைக்குப் படம் ரொம்ப முக்கியம் என்று மட்டும் சொல்லி அவள் தோளைத் தட்டிக் கொடுத்தாள். மெஷின் கடகடவென்று இரைந்தது. படங்கள் வந்தன. மாடு. குடை. சாவி. சண்முகவடிவு பல்லைக் கடித்துக்கொண்டு ஒவ்வொன்றையும் மனசுக்குள் சொன்னாள். குடை வந்தபோது மட்டும் வெறும் குடை என்று விட மனசு வராமல் மயில் கழுத்துக் குடை என்று சொன்னாள். எத்தனை வார்த்தை இன்னும் பாக்கி இருக்கிறதோ, முருகனுக்குத்தான் தெரியும்.

அன்று சாயங்காலமே டாக்டர் ஸ்வர்ணலதா வரச் சொன்னார். மூன்று படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டு வைத்திருந்தார். ஆவணியில் எடுத்தது, சஷ்டி முடிந்து எடுத்தது, இன்றைக்கு எடுத்தது. அந்த வெள்ளை மாத்திரை வீக்கத்தை அடக்குவதோடு நிற்பதில்லை, படத்தில் கட்டி எவ்வளவு துலங்க வேண்டும் என்பதையும் அதுவே அடக்கிவைக்கிறது என்று பொறுமையாகச் சொன்னார். அதைத் திடீரென்று நிறுத்தியதும் வீக்கம் ஏறியிருக்கிறது, துலங்கல் கூடியிருக்கிறது, கோடுகள் நீண்டிருக்கின்றன. இரண்டு படத்தை ஒப்பிட வேண்டுமென்றால் அந்த மாத்திரை இரண்டு தடவையும் ஒரே மாதிரி உடம்பில் இருந்திருக்க வேண்டும்.

சண்முகவடிவுக்குப் பளிச்சென்று விளங்கிவிட்டது. "அப்ப நான் ஒரு படத்தை வெயில்ல காட்டிட்டு, ஒரு படத்தை ட்யூப் லைட்டுல காட்டிட்டு, கலர் மாறிப்போச்சேன்னு உக்காந்து அழுதிருக்கேன்."

"அதேதான்," என்றார் டாக்டர். "நானும் அளவு மாறிச்சான்னுதான் கேட்டேன். நடுவுல நின்னுச்சான்னு கேக்கல."

இன்றைய படத்தில் மாத்திரை பழையபடி உடம்பில் இருந்தது. டாக்டர் அவள் கண் முன்னாலேயே கோடு போட்டார். நீளத்தில் ஒன்று. சண்முகவடிவு மூச்சைப் பிடித்துக்கொண்டாள். குறுக்கே ஒன்று. நல்லசிவம் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார். இரண்டு கோடும் ஆவணியில் இருந்ததை விடக் குட்டையாக இருந்தன. மருந்து வேலை செய்துகொண்டேதான் இருக்கிறது. ஆபரேஷன் டாக்டரும் படத்தைப் பார்த்துவிட்டார், இப்போதைக்குக் கத்தி வேண்டாம் என்று ஒப்புக்கொண்டார். கட்டி போய்விட்டதென்று சொல்லவில்லை, அது இருக்கத்தான் இருக்கிறது, அளந்துகொண்டே இருப்போம் என்றார் டாக்டர். பிறகு குரலை மாற்றிக்கொண்டு ஒரு பிடி பிடித்தார். அந்த மாத்திரையை அப்படித் தடாலென்று நிறுத்தினால் படம் மட்டும் கெடாது, உயிருக்கே ஆபத்து வந்திருக்கும். "முருகர் காப்பாத்திட்டார். இனிமே அவருக்கு அந்த வேலையக் கொடுக்காதீங்க," என்றார்.

நல்லசிவம் எழுந்து நின்று கையெடுத்துக் கும்பிட்டார். வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்து, ஒரு குழந்தை மாதிரி அழுதார். தட்டே போடவில்லையே என்று மாத்திரையைத் திரும்ப டப்பாவில் வைத்தவர் அவர்தானே. அவள் பக்கத்தில் உட்கார்ந்து பேசினாள். என்ன பேசினாள் என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. வாய்க்கு வந்ததையெல்லாம் பேசினாள். சுற்றிக்கொண்டு ராயப்பேட்டைக்குப் போய் ஜுவேரியாவின் வீட்டில் ஒரு பொட்டலம் பால்கோவா கொடுத்துவிட்டுத்தான் இரண்டு பேரும் வீட்டுக்குப் போனார்கள்.

அடுத்த வருஷம் ஐப்பசி வந்தது. கோடுகள் இன்னும் குட்டையாகியிருந்தன. வெள்ளை மாத்திரையை டாக்டர் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக் கால் மாத்திரைக்குக் கொண்டுவந்திருந்தார். ஆனால் அந்தக் கால் மாத்திரைக்கும் சாப்பாடு வேண்டும். சஷ்டிக்கு என்ன செய்வது என்று சண்முகவடிவு வாயைத் திறக்கும் முன்பே, இந்தத் தடவை விரதம் நான் இருக்கிறேன் என்றார் நல்லசிவம். காலையில் காப்பி வர ஐந்து நிமிஷம் தாமதமானால் வீட்டை இரண்டாக்குகிற மனுஷன். பாலும் பழமும் போதும் என்று சோற்றோடு காப்பியையும் சேர்த்து விட்டுவிட்டார். அவள் சிரித்தாள், முதல் நாளே கவிழ்ந்துவிடுவார் என்று சந்தில் பந்தயம் கட்டினாள்.

அவர் கவிழவில்லை. ஆறு நாளும், வேளாவேளைக்கு அவள் தட்டில் அவரே சோறு போட்டார், எதிரே உட்கார்ந்தார், தட்டுக்குப் பக்கத்தில் கால் மாத்திரையை எடுத்துவைத்தார். அவள் சாப்பிட்டாள், சாப்பிட்டுக்கொண்டே பேசினாள். தீபாவளி வியாபாரம், ஜானு மாமியின் பேத்திக்கு வளைகாப்பு, எதிர்க் கடைக்காரன் போட்டிருக்கிற புது போர்டின் கண்ணை உறுத்தும் மஞ்சள். பசியில் அவர் கண் உள்ளே போயிருந்தது. ஆனாலும் ஒவ்வொரு வார்த்தையையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

கடைசி நாள் ரசம் சாதத்துக்கு வரும்போது அவள் ஒரு கணம் நிறுத்தினாள்.

"என்னங்க, ஆறு நாளா வாய் ஓயாம பேசுதேன். ஒரு தடவை கூடச் சும்மா இருன்னு சொல்லலியே நீங்க."

"விரதம்லா," என்றார் நல்லசிவம். "அதையும் சேத்துத்தான் விட்டிருக்கேன்."

சண்முகவடிவு கடைசி வாய்ச் சோற்றைச் சாப்பிட்டு, தண்ணீர் குடித்து, அவர் நீட்டிய மாத்திரையைப் போட்டுக்கொண்டாள். பிறகு, எதிர்க் கடை போர்டில் விட்ட இடத்திலிருந்து பேச ஆரம்பித்தாள்.